ஞாயிற்றுக்கிழமை ‘அருமையானவள்’, திங்கட்கிழமை ‘கலாமா’: இது எப்படி ஒட்டும்?

#1 | தாமுவே மல்லி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன ஞாயிறு பாடம் ஏசாயா 43:4. “நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய்.” பிள்ளைகள் கத்திக் கத்தி மனப்பாடம் செய்தார்கள், எனக்கும் அவர்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் குடியுரிமை அட்டை விஷயமாக ஒரு கவுண்டரில் நின்றேன். அப்பாவுக்குப் பச்சை அட்டை, முழுக் குடிமக்களுக்குத் தருகிற அட்டை அல்ல. என்னுடையது இன்னும் இழுபறியில் இருக்கிறது. உள்ளே இருந்தவர் என் ஃபாரத்தைக் கையால்கூடத் தொடவில்லை. பேனா முனையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ‘கலாமா’ (இந்திய வம்சத்துப் பெண்ணை மட்டமாகச் சொல்கிற பர்மியச் சொல்) என்று ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பேனா முனைக்கு என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு வந்தால் தரகர் அத்தை உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் “பொண்ணு தங்கமான பொண்ணுதான், நிறம்தான் கொஞ்சம்… அப்புறம் அந்த அட்டை” என்றார்களாம். தானாக்காவை (இங்கே முகத்தில் பூசுகிற மரப்பட்டை விழுது) கொஞ்சம் கெட்டியாகப் பூசிக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அவர்களும் விசுவாசிகள்தான், மூன்று தலைமுறையாக.

‘ஜெபம் பண்ணு சிஸ்டர்’ என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். தேவன் என்னை மதிக்கிறார் என்று வாயால் சொல்ல எனக்குத் தெரியும். அது உண்மையிலேயே உள்ளே இறங்கினவர்கள் இங்கே இருந்தால், எப்படி இறங்கிற்று என்று சொல்லுங்கள்.

#2 | பெகு தம்பி

அக்கா, நேராகவே சொல்கிறேன். இறங்காது. சொல்கிறவர்களே அதை நம்பவில்லை. எல்லோரும் தேவசாயல் என்று பிரசங்கம் நடக்கும், ஆனால் முன்பெஞ்சில் யார் உட்காருவது என்று எல்லோருக்கும் தெரியும். காணிக்கை அறிவிப்பில் பெரிய தொகை கொடுத்தவர் பேர் முதலில் வரும். கல்யாணம் என்று வந்துவிட்டால், ஊரில் நம் தாத்தா எந்தத் தெருவில் இருந்தார் என்று விசாரிப்பார்கள். கப்பலில் வந்தபோது சாதியையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம். கவுண்டர்காரனாவது நம்மை அந்நியன் என்று நினைத்துச் செய்கிறான். இவர்கள் நம்மைச் சகோதரி என்று கூப்பிட்டுக்கொண்டே செய்கிறார்கள்.

#3 | தலா நர்ஸ்

மல்லி, மற்றவர்கள் வேதம் பேசுவதற்கு முன் நான் ஒன்று கேட்டுவிடுகிறேன். தூக்கம் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? நன்றாக இருந்த விஷயங்களில்கூட மனம் ஒட்டாமல், இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இப்படியே இருக்கிறதென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. உயிரோடு இருந்து என்ன என்கிற நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும், ஞாயிறுவரை காத்திருக்கக் கூடாது.

எலியாவை எடுத்துக்கொள். சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்டவர் அவர். தேவதூதன் வந்து முதலில் பிரசங்கமா பண்ணினான்? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். 1 இராஜாக்கள் 19. எங்கள் வார்டில் இதை அடிக்கடி சொல்வேன்.

#4 | தாமுவே மல்லி

நர்ஸ் அக்கா, தூக்கமும் சாப்பாடும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மாதிரி நினைப்பெல்லாம் இல்லை. எனக்கு வருவது கோபம். கேட்டதற்கு நன்றி, யாரும் அதைக் கேட்டதில்லை.

தம்பி, நீ சொல்வது தெரிந்ததுதான். ஆனால் சபை சரியில்லை என்றால் வசனமும் பொய்யாகிவிடுமா?

#5 | மோல்மேன் வாத்தியார்

அம்மா மல்லி, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். உள்ளே இறங்கிற்றா என்று கேட்டாயே, அதற்கு இந்த மண்ணிலேயே ஒரு கதை இருக்கிறது. எங்கள் ஊர்க்கதை என்றே சொல்லலாம்.

அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரி 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 ஆயிற்று. 1824-ல் ஆங்கிலேயரோடு சண்டை மூண்டதும் அவரை உளவாளி என்று பிடித்து அரசரின் தலைநகரான ஆவாவில் விலங்கு மாட்டிப் போட்டார்கள். வெளியே வந்த கொஞ்ச நாளில், 1826-ல், மனைவி ஆன் ஆம்ஹர்ஸ்ட்டில் இறந்துபோனார். இன்றைக்கு அந்த ஊர் சைக்கமி. அடுத்த வருஷம் கைக்குழந்தையும் போயிற்று.

இதுவரை எல்லாச் சபையிலும் சொல்வார்கள். இதற்கு அடுத்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1828, 1829 வாக்கில் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. தனக்குக் கிடைத்த டாக்டர் பட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். தன்னைப் பாராட்டி வந்த கடிதங்களை அழித்தார். மோல்மேனுக்கு வெளியே காட்டில் ஒரு குடிசை போட்டுத் தனியாக இருந்தார். ஒரு குழி தோண்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து தன் உடம்பு அழுகுவதை நினைத்துக்கொண்டிருப்பாராம். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் எழுதியும் வைத்தார்.

அவர் இதைத் தாழ்மை என்று நினைத்துத்தான் செய்தார் என்பது என் எண்ணம். தன்னை எவ்வளவு நசுக்குகிறோமோ அவ்வளவு தேவனுக்குக் கிட்டே போகலாம் என்று. போக முடியவில்லை. ஒரே இரவில் தரிசனம் கண்டு எழுந்தார் என்று சொல்லவும் வழியில்லை. மெதுவாக, மாதக்கணக்கில் தேறி, மொழிபெயர்ப்பு மேசைக்குத் திரும்பினார். 1834 ஜனவரியில் பர்மிய வேதாகமத்தின் கடைசித் தாளை முடித்தார்.

ஆக, இறங்குவதற்கு நாளாகும் அம்மா. இறங்காத நாளிலும் அது உண்மைதான்.

#6 | பெகு தம்பி

வாத்தியார் ஐயா, ஜட்சன் வெள்ளைக்காரர். குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் அவரை யாரும் பேனா முனையால் தள்ளியிருக்க மாட்டார்கள். நம்மை மாதிரி ஒரு ஆளைச் சொல்லுங்கள்.

#7 | மோல்மேன் வாத்தியார்

சரி தம்பி, நியாயமான கேள்வி. கோ தா பியூ.

பர்மாவின் சிறுபான்மை இனமான கரேன் இனத்துக்காரர். அந்தக் காலத்தில் கரேன் மக்களைக் கணக்கிலேயே எடுக்காமல் வைத்திருந்தார்கள். அவர்களிலும் இவர் கடைசி. கொள்ளைக்காரர், சுமார் 30 பேரைக் கொன்றதாக அவரே சொன்னதாய்ச் சொல்வார்கள். கடனுக்காக அடிமையாக இருந்தவரை ஒரு பர்மிய விசுவாசி கடனைக் கட்டி மீட்டார். முன்கோபி, படிப்பும் சட்டென்று ஏறவில்லை. 1828 மே மாதம் தவாயில் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பிறகு 1840-ல் சாகும்வரை மலையிலும் காட்டிலும் ஊர் ஊராகத் தன் ஜனத்தைத் தேடிப் போனார். இன்றைக்குக் கரேன் சபைகள் இருக்கிற இருப்பைப் பார்க்கிறாய் அல்லவா?

மீட்பு என்ற சொல்லை நாம் பாட்டில் பாடிவிட்டுப் போய்விடுகிறோம். அவருக்கு அது ரொக்கமாக நடந்தது. ஒருவர் பணத்தை எண்ணிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அதற்கு முன் அவர் எதையும் நிரூபித்துக் காட்டவில்லை.

#8 | குமரன் அடியான்

வணக்கம். நான் கிறிஸ்தவன் இல்லை, முருகன் பக்தன். பக்கத்து வீட்டுப் பழக்கத்தில் இங்கே வந்து படிக்கிறேன். மல்லி தங்கச்சிக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும்போது என் அட்டை என்ன நிறம் என்று முருகன் கேட்டதில்லை, அந்த ஒரு நாள் நிமிர்ந்து நடப்பேன்.

ஒரு சந்தேகம், தப்பாக நினைக்க வேண்டாம். இந்த ‘அருமையானவன்’ என்பதெல்லாம் உங்கள் ஆட்களுக்கு மட்டுமா? எனக்கும் உண்டா?

#9 | ஊழியக்கார அக்கா

குமரன் தம்பி, வாங்க. ஆதியாகமம் 1:27-ல் தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலாகச் சிருஷ்டித்தார் என்று இருக்கிறது. அங்கே இஸ்ரவேலன் இல்லை, சபை இல்லை, ஞானஸ்நானம் இல்லை. ஆகவே உண்டு, உங்களுக்கும் முழுசாக உண்டு. இயேசு தேடி வந்து விலை கொடுத்துப் பிள்ளையாக்கினார் என்பது அதற்கு மேல் நாங்கள் விசுவாசிப்பது. அதில் நீங்களும் நானும் ஒன்றாக நினைக்கவில்லை, அதை மறைத்து உங்களிடம் இனிப்பாகப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனால் உங்களை மட்டமாகப் பேசுகிற விசுவாசி முதல் அதிகாரத்திலேயே தோற்றுப்போனவன்.

மல்லி, உனக்கு. நம் தமிழ் ஜெபத்தைக் கவனித்திருக்கிறாயா? “ஒன்றுக்கும் உதவாத எங்களை, மண்ணும் தூளுமான எங்களை, புழுவும் பூச்சியுமான எங்களை” என்று ஆரம்பிப்போம். என் கணவரும் அப்படித்தான் ஜெபிப்பார். அதற்கு வேதத்தில் இடம் இருக்கிறது. ஏசாயாவிலேயே “யாக்கோபு என்னும் பூச்சியே” என்று வருகிறது. ஆனால் அந்த வசனம் என்ன சொல்கிறது? பயப்படாதே என்கிறது. மிதிக்கிறவர்கள் சொல்கிற ‘பூச்சி’ அல்ல அது, கையில் எடுத்துக்கொள்கிறவர் சொல்கிறது. வெளியே ஆறு நாள் பூச்சியாக நடத்தப்பட்டு வருகிற பிள்ளை, ஏழாம் நாளும் சபையில் அதையே கேட்டால் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்? பெண்கள் கூட்டத்தில் நான் இதைச் சொல்லி, பெரியவர்கள் சிலருக்கு வருத்தம். பாவியென்று அறிக்கை செய்வதை விட்டுவிடச் சொல்கிறாயா என்றார்கள். இல்லை. திருடியிருந்தால் திருடினேன் என்று சொல்லு. கறுப்பாய்ப் பிறந்ததற்கும் பச்சை அட்டைக்கும் அறிக்கை செய்ய ஒன்றுமில்லை.

லூக்கா 13-ஐ வாசித்துப் பார். 18 வருஷமாகக் கூனியாய் இருந்தவள், நிமிர முடியாதவள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இயேசுவே கண்டு கூப்பிட்டார். ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம் வந்தது, ஓய்வுநாளாம். ஓய்வுநாளில் உன் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட மாட்டாயா என்று கேட்டுவிட்டு, அவளை எல்லோர் முன்னாலும் ஆபிரகாமின் குமாரத்தி என்றார். எனக்குப் பிடித்தது அந்த இடம். தனியறையில் சுகமாக்கி அனுப்பியிருக்கலாம். அவளைக் குறைவாக நினைத்தவர்கள் காதில் விழும்படி சொன்னார்.

#10 | வியாசர்பாடி பேரன்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1962-க்குப் பிறகு கடைகள் அரசுடைமை ஆயிற்று, 1964-ல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். தகர டப்பாவில் இருந்தது அத்தனையும் காகிதம். கப்பலேறி இங்கே வந்தார்கள்.

பாட்டி சொல்லும்: “அங்கே கலா, இங்கே பர்மாக்காரி. எந்த ஊரில்தான்டா நம்மை நம்ம ஊர்க்காரின்னு சொன்னாங்க?” வியாசர்பாடியில் குழாயடியில்கூட அகதி என்றுதான் பேர். (அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைச் சாப்பிட மட்டும் வரிசையில் நிற்பார்கள், அது வேறு கதை.)

தாத்தா தன் மதிப்பை அந்த டப்பாவில் வைத்திருந்தார், நோட்டோடு சேர்ந்து அவரும் ஒடுங்கிவிட்டார். பாட்டி ஒடுங்கவில்லை. அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது. எபேசியர் 2:19 மட்டும் வாய்ப்பாடு மாதிரி சொல்லும்: “நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல், பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாருமாயிருந்து…” ரேஷன் கார்டு ஆபீசில் அகதி என்று ஏதாவது சொன்னால், “நான் வீட்டுக்காரி, கார்டை எடு” என்று கேட்கும். அங்கே இருந்தவர்களுக்குப் புரிந்திருக்காது. கார்டு வந்துவிட்டது.

#11 | பெகு தம்பி

பாட்டி சூப்பர். ஆனால் பேரன் அண்ணே, கார்டு வந்ததால் கதை இனிக்கிறது. வராதவர்கள்? ஆகாரை எல்லோரும் பிரசங்கிப்பார்கள், “நீர் என்னைக் காண்கிற தேவன்” என்று. எகிப்திய அடிமை, அந்நிய நாட்டுக்காரி, நம்மை மாதிரிதான். தேவன் கண்டார், சரி. கண்டுவிட்டு என்ன சொன்னார்? உன் நாச்சியாரிடம் திரும்பிப்போய் அடங்கியிரு என்றார். ஆதியாகமம் 16:9. இதுதான் என் பயம். தேவன் உன்னை மதிக்கிறார், ஆகவே நீ வாயை மூடிக்கொண்டு அடங்கியிரு என்று முடித்துவிடுவார்கள். 1982 குடியுரிமைச் சட்டத்தில் மூன்று வகைக் குடிமக்கள், 135 இனப் பட்டியலில் தமிழன் இல்லை, 1823-க்கு முன்னால் இங்கே இருந்தோம் என்று எவன் காகிதம் காட்டுவது? இதையெல்லாம் கேட்காமல் இருக்கத்தான் பரலோகக் குடியுரிமையா?

#12 | தாமுவே மல்லி

தம்பி கேட்டதுதான் என் கேள்வியும். எனக்கே அதை இவ்வளவு தெளிவாகக் கேட்கத் தெரியவில்லை. யாராவது பதில் சொல்லுங்கள்.

#13 | மோல்மேன் வாத்தியார்

ஆகார் பகுதி கடினமானதுதான், அதை நான் மழுப்ப மாட்டேன். 21-ஆம் அதிகாரத்தில் அவள் அந்த வீட்டைவிட்டு வெளியே வந்ததும், வனாந்தரத்தில் தண்ணீர் கிடைத்ததும், அவள் பிள்ளை பெரிய ஜாதியானதும் இருக்கிறது. அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இருந்தாலும் 16:9 அப்படியே நிற்கிறது.

ஆனால் பரலோகக் குடியுரிமை விஷயத்தில் நீ சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். “நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது” என்று எழுதினவர் பவுல், எழுதினது பிலிப்பியருக்கு. பிலிப்பி ரோமக் குடியேற்ற நகரம். ரோமக் குடியுரிமையைப் பெருமையாகக் கொண்டாடின ஊர். அதே ஊரில் பவுலுக்கு என்ன நடந்தது? அப்போஸ்தலர் 16. விசாரணை இல்லாமல் வெளியரங்கமாய் அடித்துச் சிறையில் போட்டார்கள். ராத்திரி பவுலும் கூட இருந்த சீலாவும் ஜெபித்துப் பாடினார்கள், சிறைக்காரன் இரட்சிக்கப்பட்டான், இதுவரை ஞாயிறு பள்ளியில் வரும். காலையில் அதிகாரிகள் ஆளனுப்பி ‘போய்விடுங்கள்’ என்றபோது பவுல் என்ன செய்தார்? ஸ்தோத்திரம் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை. நாங்கள் ரோமர், விசாரியாமல் அடித்தீர்கள், இப்போது இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறீர்களா, “அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்து விடட்டும்” என்றார். வந்தார்கள். வந்து வேண்டிக்கொண்டார்கள்.

எருசலேமிலும் அப்படித்தான், 22-ஆம் அதிகாரம். சாட்டையால் அடிக்கக் கட்டும்போது, ரோமனை விசாரிக்காமல் அடிக்கலாமா என்று கேட்டார். சேனாபதி, நான் நிறையப் பணம் கொடுத்து இதைச் சம்பாதித்தேன் என்கிறான். பவுல், நான் அதற்குரியவனாகவே பிறந்தேன் என்கிறார்.

இவர்தான் தன் குலம், படிப்பு எல்லாவற்றையும் கிறிஸ்துவுக்காகக் குப்பை என்று எண்ணினவர். குப்பை என்று எண்ணினவர் எதற்கு உரிமையைக் கேட்கிறார்? அந்த அதிகாரி கையில் தன் மதிப்பு இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை. மதிப்பையே அவனிடம் வாங்கப் போகிறவனுக்குத்தான் குரல் நடுங்கும். மல்லி, நீ அந்தக் கவுண்டருக்கு அட்டை வாங்கத்தான் போகிறாய்.

#14 | குமரன் அடியான்

ஐயா, இதை என் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். பவுல் யார் என்று கேட்டான், பக்கத்து வீட்டு அங்கிளிடம் கேள் என்று அனுப்பிவிட்டேன்.

#15 | தாமுவே மல்லி

ஐயா, பவுலிடம் குடியுரிமை கையில் இருந்தது. என்னிடம் இல்லை. அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டீர்கள்.

ஆனாலும் ஒன்று புரிந்தது. என் கோபத்தில் பாதி அந்த ஆள் மேல்தான், மீதி என்மேல். அவர் சிரித்தபோது ஒரு நொடி நானும் அவர் கண்ணால் என்னைப் பார்த்தேன், அதுதான் இவ்வளவு நாளாக அரித்துக்கொண்டிருக்கிறது. அக்கா எழுதின கூனியும் அப்படித்தான் இருந்திருப்பாள், 18 வருஷமும் அவளுக்குத் தெரிந்தது மற்றவர்களுடைய கால் மட்டும்தானே.

தரகர் அத்தையிடம் போட்டோ எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தானாக்கா எனக்குப் பிடிக்கும், தினமும் போடுவேன். நிறத்தை மறைக்கப் போட மாட்டேன். அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை.

#16 | தலா நர்ஸ்

அம்மா பேசுவார். அடுத்த தடவை கவுண்டருக்குத் தனியாகப் போகாதே. பர்மிய மொழி நன்றாகப் பேசுகிற, சட்டம் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போ. அப்பா அட்டை, வீட்டுப் பட்டியல், பள்ளிச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள். மூலத்தைக் கையைவிட்டுக் கொடுத்துவிடாதே.

#17 | பெகு தம்பி

வாத்தியார் ஐயா பதிலில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிக்கு ஊழியக்கார அக்காவிடம் ஒரு கேள்வி. கோபப்படக் கூடாது. எல்லோரும் தேவசாயல், கறுப்புக்கு அறிக்கை தேவையில்லை, எல்லாம் சரி. உங்கள் மகனுக்கு மல்லி அக்கா மாதிரி ஒரு பெண், பச்சை அட்டை வீடு, வேறு தெரு. எடுப்பீர்களா?

#18 | ஊழியக்கார அக்கா

கோபம் இல்லை தம்பி. யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

மூத்தவன் கல்யாணம் முடிந்துவிட்டது, இன்செயினிலிருந்து கரேன் பெண். எங்கள் பக்கத்துச் சொந்தத்தில் பாதிப்பேர் வரவில்லை. பிரியாணியும் போட்டோம், மொஹிங்காவும் போட்டோம், வந்தவர்கள் இரண்டையும் சாப்பிட்டார்கள். வராதவர்களில் ஒருவர் இன்னமும் முன்பெஞ்சில்தான் உட்காருகிறார், அவரை எழுப்ப என்னால் முடியவில்லை. சின்னவன் பத்தாம் வகுப்பு. அவனுக்கு இப்போது பெண் பார்த்தால் என்னைத்தான் போலீசில் பிடிப்பார்கள்.

மல்லி, அடுத்த மாதப் பெண்கள் கூட்டத்தில் லூக்கா 13-ஐ நீ எடு. நான் பேசினால் பாஸ்டர் வீட்டம்மா பேசுகிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தரகர் அத்தையும் அந்தக் கூட்டத்துக்கு வருவார், தெரியும்தானே?

#19 | தாமுவே மல்லி

தெரியும் அக்கா. எடுக்கிறேன். மைக் மட்டும் எனக்குச் சரியாக வைத்துக் கொடுங்கள், போன தடவை யாருக்கும் கேட்கவில்லை.